அவர்தான் நூத்த வேண்டும்

நுரைச்சோலைச் சந்தியைத் தாண்டி மாம்புரிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தபோதுதான் சட்டைப்பையில் ஏதோ கனப்பது தெரிந்தது. பீடிக்கட்டு என்று நினைத்துக் கைவிட்டேன். இரண்டு சின்னப் பற்றரிகள். ரிமோட்டுக்குப் போடுகிறவை.

ரோட்டோரம் நின்று அவற்றைப் பார்த்தேன். வெயில் ஏறியிருந்தது. கடற்கரையோரம் பெரிய காற்றாடிகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஆலங்குடாவில் அந்த வீட்டைவிட்டு வெளிக்கிட்டு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆகியிருக்கும். கோபத்தோடு வந்தவன் இரண்டு பற்றரியைக் கொடுக்கத் திரும்பிப் போனால் எப்படியிருக்கும் என்று யோசித்தேன். திரும்பவும் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். நடந்தால் எனக்கு எதுவும் மறந்துவிடும். அன்றைக்கு மறக்கவில்லை. வழி முழுக்க அவரையே நினைத்துக்கொண்டு போனேன்.

அவரை எல்லோரும் முதலாளி என்றுதான் சொல்வார்கள். பெயர் எனக்குத் தெரியும். ஒருநாளும் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அதனால் இங்கேயும் சொல்லவில்லை. இரண்டு மீன்பிடிப் போட் வைத்திருந்தார். கடற்கரையில் ஓலை வேய்ந்த ஒரு வாடி, மீன் காயப்போடும் இடம், ஏழெட்டு ஆட்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கிடைத்த வேலையைச் செய்துவிட்டு அலுத்ததும் கிளம்பிவிடுகிறவன். அவரிடம் மட்டும் இரண்டு பருவம் நின்றேன்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதையும் நிப்பாட்டுவது அவராகத்தான் இருக்க வேண்டும். தொடங்குவது யாராகவும் இருக்கலாம். போட் இஞ்சினை யார் வேண்டுமானாலும் இழுத்து ஸ்டார்ட் பண்ணலாம். கரைக்கு வரும்போது, எந்த அலையோடு ஏற வேண்டுமோ அந்த அலையில் இஞ்சினை நிப்பாட்டுவது அவர் கை. ஒருதடவை காய்ச்சலில் கரையில் நின்றார். நாங்கள் அவர் இல்லாமல் கடலுக்குப் போய்விட்டு வந்தோம். போர்வையைப் போர்த்தியபடியே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து, கையை நீட்டி இஞ்சினை நிப்பாட்டினார். போர்வை நனைந்து கனத்தது. அதைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு போனார்.

சிலாபத்து மீன் வியாபாரிகளோடு போனில் கதைப்பார். மற்ற ஆள் முதலில் வெட்டிவிட்டால் திரும்ப எடுத்து, "சரி, வைக்கிறன்" என்று சொல்லிவிட்டு அவர் வெட்டுவார். சிலாபத்தில் ஒரு வியாபாரி இதைக் கண்டுபிடித்து வேண்டுமென்றே வெட்டத் தொடங்கினார். ஒருநாள் நாலு தடவை இவர் எடுத்தார், நாலு தடவை அவர் வெட்டினார். ஐந்தாவது தடவை அந்த ஆள் போனையே நிப்பாட்டிவிட்டார். நீங்கள் அழைக்கும் எண் இப்போது இயங்கவில்லை என்று ஒரு பொம்பிளைக் குரல் சொன்னது. அந்தக் குரலுக்கு, "சரி மகள், வைக்கிறன்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

வாடியில் ஒரு ஜெனரேட்டர் இருந்தது. இரவு இஷாத் தொழுகை முடிந்து சாப்பிட்டதும் அவர் அதை நூத்திவிட்டு வீட்டுக்குப் போவார். அணைப்பதை அங்கே நூத்துவது என்பார்கள். ஒருநாள் வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட, அவசரத்தில் அப்படியே போய்விட்டார். எண்ணெய் வீணாகிறதே என்று நான் போய் அதை நிப்பாட்டினேன். வாடி இருண்டது. பாதி வழியில் திரும்பிப் பார்த்திருக்கிறார். மணலில் டோர்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது.

"ஆரு நூத்தின?"

"நான்தான் முதலாளி."

"நீ நூத்தினது செல்லாது."

கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணினார். எல்லா லைட்டும் எரிந்தன. வலை, ஐஸ் பெட்டி, எங்கள் முகம் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு தானே நூத்தினார்.

"இப்ப சரி. படுங்க."

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு வாடியில் எனக்கு இதே கதைதான். "நீ சாப்பிட்டது செல்லாது, வா, திரும்பச் சாப்பிடு" என்பான் ஒருத்தன். "நீ குளிச்சதும் செல்லாது, மணம் இன்னும் போகல்ல" என்பான் மற்றவன்.

தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்த குடும்பம் அது. அவருடைய மனைவியை நான் ராத்தா என்று கூப்பிடுவேன். வெளிக்கிடச் சொன்ன நேரம் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்ததாம், அறையில் லாம்பு எரிந்துகொண்டிருந்ததாம், இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு வந்தார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது.

"அதாலதானோ ராத்தா, இவர் எல்லாத்தையும் தானே நூத்தோணும் எண்டு நிக்கிறவர்?"

ராத்தா சிரித்தார். "இல்ல தம்பி. அவர் அதுக்கு முன்னமே அப்பிடித்தான். கலியாண வீட்டிலயே பாட்டுப் பெட்டிய இவர்தான் எழும்பிப் போய் நிப்பாட்டினவர். மாப்பிள்ள எழும்பி வாறாரெண்டு என்ட வாப்பா பயந்துட்டார்."

இரண்டாவது பருவம் முடிந்ததும் நான் கிளம்பினேன். வண்ணாத்திவில்லில் முந்திரித் தோட்டத்தில் கஜு பொறுக்கினேன், கொழும்பில் சீமெந்து குழைத்தேன், இன்னும் என்னவோ செய்தேன். நாலு வருடம் கழித்து வேலை கேட்டு ஆலங்குடாவுக்கு வந்தபோது வாடி இருந்த இடத்தில் வெள்ளைக்காரர் தங்கும் கபானாக்கள் நின்றன. வீட்டுக்குப் போனேன். முதலாளி கட்டிலில் கிடந்தார்.

முதல் தடவை வாதம் அடித்ததில் வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. இரண்டாவது தடவை இடக்கையில் பெருவிரலை மட்டும் மிச்சம் வைத்தது. கழுத்துத் திரும்பும், கண் திரும்பும். மற்றதெல்லாம் ராத்தாதான். போட் இரண்டையும் விற்று ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தாகிவிட்டது. ஒரே மகன் கட்டாரில். ராத்தா இடியப்பம் அவித்துத் தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"தூக்கிக் குளிப்பாட்ட ஒரு ஆள் இல்லாமக் கஷ்டப்படுறன்" என்றார். "நீங்க நிண்டா சாப்பாடு தருவன். காசு பெரிசாத் தர ஏலாது."

நின்றேன். தலையையும் தோளையும் பிடித்துத் தூக்குவேன். வலை இழுத்த உடம்பு, மெலிந்தும் கனம் குறையவில்லை.

அறையில் மகன் கடைசியாக வந்தபோது வாங்கிவைத்த சாமான்கள் இருந்தன. பெரிய டீவி, டிஷ் பெட்டி, சத்தத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி, இரண்டு மூலையிலும் ஸ்பீக்கர். டீவியின் சொந்தச் சத்தம் எரிந்துபோய்விட்டதால் எல்லாம் அந்தக் கறுப்புப் பெட்டி வழியாகத்தான் வரும். அந்தப் பெட்டியின் ரிமோட் முன்பு அவர் இடக்கையில் இருந்திருக்கிறது. அதை வைத்துத்தான் அவர் ராத்தாவைக் கூப்பிடுவாராம். தண்ணீர் வேண்டுமென்றால் சத்தத்தைக் கூட்டுவார். செய்தி வாசிக்கிறவனோ விளம்பரக்காரனோ யாராவது அவருக்காகக் கத்துவார்கள்.

"சிங்கள நாடகத்தில ஒரு பொம்புள ஓவெண்டு அழுதா, இவர் கூப்பிடுறாரெண்டு எனக்கு விளங்கும்" என்றார் ராத்தா. "வாறன் வாறன், கத்தாதீங்க எண்டு குசினியில இருந்து சொல்லிச் சொல்லியே வருவன். பக்கத்து வீட்டுக்காரங்க, யாரோட சண்ட போடுறீங்க எண்டு கேப்பாங்க."

ஒன்பது மணிக்கு அந்தப் பெட்டியை அவரே நூத்துவார். ராத்தா கைவைக்க முடியாது.

நான் வருவதற்கு மூன்று மாதம் முந்திக் குளிப்பாட்டும்போது அந்த ரிமோட் வாளித் தண்ணீரில் விழுந்து போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் யாரையும் கூப்பிடவில்லை. தாகமாக இருந்தாலும் ராத்தா வரும்வரை கிடப்பார். ராத்தா பெட்டியைக் கையால் நிப்பாட்டும் நேரம் கண்ணை மூடிக்கொள்வார்.

புத்தளத்தில் ஒரு கடையில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரிமோட் என்று ஒன்றை ராத்தா வாங்கிவந்திருந்தார். டீவியையும் டிஷ்ஷையும் கடைக்காரன் அங்கேயே அதில் பதிந்து கொடுத்திருக்கிறான். சத்தப் பெட்டி ஏதோ பெயர் தெரியாத சாமான், அதன் இலக்கம் அவனுடைய தாளில் இல்லை. வீட்டில் வைத்துத்தான் தேட வேண்டும், பற்றரியை மட்டும் கன நேரம் கழற்றி வைக்காதீர்கள், பதிந்ததெல்லாம் அழிந்துவிடும் என்று சொல்லியனுப்பியிருக்கிறான்.

தேடுவது இப்படி. பெட்டி போட்டபடி இருக்க வேண்டும். ரிமோட்டில் இரண்டு பொத்தானை ஒன்றாக அழுத்திப் பிடித்தால் ஒரு சிவப்பு லைட் அணையாமல் நிற்கும். பிறகு பவர் பொத்தானை ஒவ்வொரு தடவையாக அழுத்த வேண்டும். ஒரு அழுத்தலுக்கு ஒரு இலக்கம். சரியான இலக்கம் வந்ததும் பெட்டி தானாக அணையும். உடனே கையை எடுத்து, கீழேயுள்ள பொத்தானால் அதைப் பதிய வேண்டும். அணைந்த பிறகு ஒரு தடவை கூடுதலாக அழுத்திவிட்டால் அந்த இலக்கம் கடந்துபோய்விடும். திரும்பவும் முதலிலிருந்து. கன நேரம் சும்மா இருந்தாலும் சிவப்பு லைட் அணைந்துவிடும். அதற்கும் முதலிலிருந்துதான்.

நான் தொடங்கினேன். பத்துத் தடவை அழுத்தியிருப்பேன். கட்டிலிலிருந்து தொண்டைச் சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் கண் ரிமோட்டில் இருந்தது. பெருவிரல் விரிப்பில் மெல்ல எழும்பி விழுந்தது.

"தனக்குத் தரட்டாம்" என்றார் ராத்தா.

சிவப்பு லைட்டை ஏற்றி அவர் கையில் வைத்தேன். பெருவிரல் பவர் பொத்தானைத் தேடிப் போய்ச் சேரவே நேரம் எடுத்தது. ஒரு அழுத்தல். கண் பெட்டிக்குப் போகும். அணையவில்லை. கண் திரும்பிக் கைக்கு வரும். இன்னொரு அழுத்தல். பல தடவை விரல் போய்ச் சேருமுன் லைட் அணைந்துவிட்டது. நான் திரும்ப ஏற்றிக் கொடுத்தேன்.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் அசர்த் தொழுகைக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் இதுதான். அந்த நாட்களில் அவர் கஞ்சியை மிச்சம் வைக்கவில்லை. பகல் லுஹருக்குப் பாங்கு சொன்னதுமே கண் ரிமோட்டைத் தேடத் தொடங்கிவிடும். மூன்றாம் நாள் பெட்டி அணைந்தது. ராத்தா குசினி வாசலில் மாக் கையோடு நின்றார். நான் கையை நீட்டுவதற்குள் அவருடைய பெருவிரல் நடுங்கி இன்னொரு தடவை அழுத்திவிட்டது. கடந்துபோய்விட்டது. நான் வாய்க்குள் ஏதோ சொன்னேன். அவர் கோபப்படவில்லை. முதலிலிருந்து தரச்சொல்லிப் பார்த்தார். ஐந்தாம் நாளும் அதே மாதிரி ஆனது.

எனக்கு எரிச்சல் வந்தது. நான் செய்தால் அரை மணித்தியால வேலை. அதைத்தான் ஆறாம் நாள் செய்தேன். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தூங்கிக்கொண்டிருந்தார், ராத்தா கடைக்குப் போயிருந்தார். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு அழுத்திக்கொண்டே போனேன். பெட்டி அணைந்தது. பதிந்தேன். நல்ல வேலை செய்துவிட்டேன் என்ற நினைப்பில் வெளியே போய் ஒரு பீடி பற்றவைத்தேன்.

அசருக்குப் பிறகு ரிமோட்டைக் கையில் வைத்தேன். அவர் சிவப்பு லைட்டுக்காகக் காத்திருந்தார்.

"தேவையில்ல முதலாளி. இப்ப அமத்துங்க."

அழுத்தினார். முதல் அழுத்தலிலேயே பெட்டி அணைந்தது. அவர் பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். இன்னொரு தடவை அழுத்தினார். எரிந்தது. கை சரிந்தது, ரிமோட் விரிப்பில் விழுந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவரால் திருப்பக்கூடியது அது ஒன்றுதான்.

இரண்டு நாள் திரும்பவில்லை. ரிமோட்டைக் கையில் வைத்தால் விரல் அசையவில்லை. கரண்டியைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொண்டார். தண்ணீர் மட்டும் உதட்டில் பட்டது. மூன்றாம் நாள் காலையும் கஞ்சி அப்படியே திரும்பிவந்தது. ராத்தா கோப்பையை மேசையில் வைத்தார்.

"அந்த ஜெனரேட்டர்ட கதைய எனக்குச் சொன்னதே நீங்கதானே தம்பி. மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. அதுதான் அவமானம். அன்றைக்கு அவர் மணலில் திரும்பி நடந்துவந்து, நான் செய்ததை அழித்துவிட்டுத் தானே செய்தார். இப்போது நடந்துவர முடியாது. அப்படியென்றால் நான்தான் அழிக்க வேண்டும். ரிமோட்டை எடுத்துப் பின்மூடியைக் கழற்றி, பற்றரி இரண்டையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் போட்டால் பதிந்ததெல்லாம் போயிருக்கும். அதை ராத்தாவிடம் முதலில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"என்னத்தக் கழட்டுறீங்க இப்ப?" என்றார் ராத்தா. அவருக்கும் இரண்டு நாளாகத் தூக்கமில்லை. "நீங்க கை வச்சதெல்லாம் போதும். விட்டுடுங்க."

"சரி, விட்டுட்டன்" என்று சொல்லிவிட்டு, சேட்டும் சாரமும் இருந்த பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே மறுமொழி அது. எத்தனையோ இடங்களில் அப்படித்தான் வெளியே வந்திருக்கிறேன்.

மாம்புரி தாண்டி ஒரு வெங்காய லொறி ஏற்றிக்கொண்டது. பின்னேரம் பாலாவிச் சந்தியில் இறக்கிவிட்டது. பாணும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு பஸ் தரிப்பிடத்தில் இருந்தேன். பற்றரியை எந்தக் கடையிலும் வாங்கலாம், ராத்தா வாங்கிப் போடுவார் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். போட்டாலும் அது ஒன்றையும் நூத்தாது. பற்றரியைக் கழற்றினால் பதிந்ததெல்லாம் அழியும் என்று கடைக்காரன் சொன்னது ராத்தாவுக்கு நினைவிருக்காது. பழுதென்று நினைத்துத் தூக்கி எறிவார். முதலில் முதலாளியுடைய வேலையைப் பறித்தேன், இப்போது கூப்பிடும் குரலையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

சந்தியில் ஆட்கள் குறைந்துகொண்டு போனார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் யாராவது எடுத்தார்கள். எங்கே நிக்கிறீங்க, வாறன், பஸ் கிடைக்கல்ல. எனக்கு வாறன் என்று சொல்ல ஆள் இல்லை. அது புதிய விஷயமல்ல. ஆனால் அன்றைக்கு அதை எண்ணிப் பார்த்தேன். அலையத் தொடங்கிய இருபது வருடத்தில் நான் யாருக்கும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

காலையில் உப்பளத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி ஒருவர் தேத்தண்ணிக் கடைக்கு வந்தார். என் தோளைப் பார்த்தார்.

"உப்பு வாருவியா? பத்து நாள் வேல. இண்டைக்கே லொறியில ஏறலாம்."

"ஏலாது. எனக்கு வேல இருக்கு."

"பையோட தெருவில இருக்கிறாய். என்ன வேல?"

"ஒரு ஆளுக்கு லைட் ஏத்திக் குடுக்கிற வேல."

அவர் கடைக்காரனைப் பார்த்துத் தலையைத் தட்டிக் காட்டினார். நான் கற்பிட்டி பஸ்ஸில் ஏறினேன்.

ராத்தா அடுப்படியில் இடியப்ப உரலைப் பிழிந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டு நிமிர்ந்தார்.

"தேத்தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சிட்டன் ராத்தா. அவர்?"

"அப்பிடியேதான்."

அறைக்குள் போனேன். முகம் சுவர்ப் பக்கம்தான் இருந்தது. டீவியையும் பெட்டியையும் கையால் போட்டேன். சத்தத்தை எந்தப் பக்கம் திருப்புகிறேன் என்று பார்க்கவில்லை. யாரோ ஒரு பொம்பிளை சிங்களத்தில் பருப்புக் கறி எப்படி வைப்பதென்று வீடு அதிரச் சொன்னாள்.

"வாறன் வாறன், கத்தாதீங்க" என்று குசினியிலிருந்து ராத்தாவின் குரல் வந்தது. அந்தக் குரல் அப்படியே நின்றது. மூன்று மாதத்துக்கு மேலாகச் சொல்லாத வார்த்தை வாயில் தானாக வந்துவிட்டது. உரலைக் கீழே வைக்கும் சத்தமும் கேட்டது.

கட்டிலில் முகம் திரும்பியது.

பற்றரி இரண்டையும் ரிமோட்டில் போட்டு, மூடியைப் பூட்டினேன். அவருக்குத் தெரியும்படி தூக்கிப் பிடித்தேன்.

"முதலாளி, நான் நூத்தினது செல்லாது. எல்லாத்தையும் அழிச்சிட்டன். டீவி, டிஷ், பெட்டி மூண்டும் போச்சு. முதல்ல இருந்து நீங்கதான் தேடோணும்."

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு கண் கைக்குப் போனது. பெருவிரல் விரிப்பிலிருந்து எழும்பியது.

இரண்டு பொத்தானையும் சேர்த்துப் பிடித்துச் சிவப்பு லைட்டை ஏற்றினேன். ரிமோட்டைக் கையில் வைத்துவிட்டு என் கையை எடுத்தேன். கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று காலை நான் எடுத்த வேலை அவ்வளவுதான். லைட் அணையும்போதெல்லாம் திரும்ப ஏற்றிக் கொடுப்பது, மற்ற நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது.

விரல் பொத்தானைத் தேடிப் போய்ச் சேர்ந்தது. அழுத்தினார். ராத்தா வாசலில் நின்று பெட்டியைப் பார்த்தார். அது அணையவில்லை. அந்தப் பொம்பிளை கறிக்குத் தேங்காய்ப்பால் விட்டுக்கொண்டிருந்தாள். அவர் அடுத்ததை அழுத்தினார்.